ஹோல்கெர் கட்டிய மேற்குச் சுவர்

இங்கெலீஸ் சுத்தியல் பிடித்தது நாற்பத்தொன்பது வயதில். அதற்கு முன் முதியோர் இல்லச் சமையலறையில் இருபது வருடம் உருளைக்கிழங்கு உரித்தாள். கொத்தனாரான கணவன் ஹோல்கெர் நுரையீரல் நோயில் போன மறு வருடம், ஓடென்ஸெ நகரில் பழைய செங்கல்லை மீட்கும் கம்பெனியில் சேர்ந்தாள். இடிக்கும் கட்டடத்துக் கல்லைச் சுத்தம் செய்து மறுபடி வைத்தால், புதுக் கல்லைச் சூளையில் சுட வேண்டாம். அவ்வளவு புகை மிச்சம். எந்தச் சுவர் தேறும், எதை ரோட்டுக்கு அடியில் போட நொறுக்க வேண்டும் என்று சொல்வது அவள் வேலை.

இந்த மார்ச்சில் ஊர் நூலகத்தின் முறை வந்தது. அதன் மேற்குச் சுவர்தான் ஹோல்கெர் தனியாளாகக் கட்டியது. தேறும் கற்கள் பக்கத்தில் எழும்பும் குழந்தைகள் காப்பகத்துக்கு. பேத்தி சிக்னெ அங்கேதான் சேரப்போகிறாள். தாத்தா சுவர் என்று இங்கெலீஸ் அவளிடம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

சோதனைக்குப் பத்துக் கல்லைப் பெயர்க்க வேண்டும். அதில் எட்டுக் கல்லாவது முழுசாக வந்தால் சுவர் பிழைக்கும்.

"என்ன இங்கெலீஸ், புருஷன் சுவருன்னு தடவிக் குடுக்கறியா? அடி!" கூட வேலை செய்யும் ப்ரெபென் கீழிருந்து கத்தினான்.

"நீ காபியக் குடி, வாய் சும்மா இருக்கும்."

சுண்ணாம்புக் கலவை என்றால் தட்டியதும் உதிரும். இது உதிரவில்லை; கல்லின் முகம்தான் பிய்ந்து வந்தது. இரண்டாவது கல் குறுக்கே பிளந்தது. மூன்றாவதும்.

இந்தச் சுவர் எழும்பிய நவம்பர் நினைவுக்கு வந்தது. கூரைச் சட்டம் ஏறியதும் வேலையாட்களுக்கு விருந்து வைப்பது வழக்கம். நாள் குறித்தாயிற்று, உறைபனி முந்திக்கொண்டது. சுவர் சீக்கிரம் இறுகட்டும் என்று ஹோல்கெர் கலவையில் சிமெண்ட்டை அள்ளிப் போட்டான். "இத எவனாலும் பிரிக்க முடியாதுடி," என்று விருந்தில் பீர் கோப்பையோடு மார்தட்டினான். அவளும் கைதட்டினாள்.

ப்ரெபென் சாரத்தில் ஏறி வந்தான். "வடக்குச் சுவர்ல எட்டுக் கல்ல எடுத்து இந்தச் சுவரோடதுன்னு காட்டிருவோம். யாரு கேக்கப்போறா?"

"சுத்தம் பண்ற எடத்துல இந்தச் சுவர்க் கல்லு அத்தனையும் உடையும். லாரி டீசலும் தண்டம்."

"சரி, ஒண்ணாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

"முழுசா வந்தாத்தானே?"

பத்தையும் அடித்துப் பார்த்தாள். பிறகு சிவப்புச் சாயத்தால் சுவரில் பெரிய பெருக்கல் குறி போட்டாள்.

"நொறுக்கி எந்த ரோட்டுக்கு அடியில போடுவாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலயே. எங்க கேக்கறாங்களோ அங்க."

"விசாரிச்சுச் சொல்லு, ப்ரெபென்," என்றாள். "சிக்னெ கேப்பா."