சம்பந்திக்கு ஓரடி பின்னால்

2010-ஆம் வருஷ ஓட்டத்தில் அருணாசலத்தைக் கடைசி பஸ் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இருபத்தொரு கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பஸ் ஊர்ந்து வரும். அது யாரைத் தாண்டுகிறதோ அவருடைய ஓட்டம் முடிந்தது. ஏறி உட்கார வேண்டியதுதான், மெடல் கிடையாது. கச்சிபௌலியில், எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அவரை ஏற்றினார்கள். குஷாய்குடா வீட்டுக்குத் திரும்பியவர் குளித்தார், சாப்பிட்டார், இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

மூன்றாம் நாள் தவறு எங்கே என்று யோசிக்க ஆரம்பித்தார். எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பழுது என்றால் காரணம் தெரிந்தாக வேண்டும். காரணம், முதல் பாதியில் வேகம் அதிகம். ஓடும்போது தடையில்லாமல் பேச வரவேண்டும், வராவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று எங்கோ படித்தார். விடியற்காலையில் சைனிக்புரித் தெருக்களில் யாரோடு பேசுவது? வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ஓடினார். பதினாறாம் வாய்ப்பாடு திணறாமல் வந்தால் வேகம் சரி. பதிமூன்றுதான் வருகிறது என்றால் கொஞ்சம் அதிகம். நாய் துரத்தும்போது மட்டும் இரண்டாம் வாய்ப்பாடு. ஒருநாள் எதிரே நடந்து வந்த ஓய்வுபெற்ற கர்னல் “குட் மார்னிங்” என்றதற்கு, “பதிமூணேழு தொண்ணூத்தொண்ணு” என்று பதில் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து கர்னல் தெருவின் எதிர்ப்பக்கம் நடந்தார்.

ஒரு வருஷம் இப்படி ஓடி, எல்லாம் கூடி வந்த நேரத்தில் மகள் பத்மப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாதாப்பூரில் அவளோடு வேலை பார்க்கும் சங்கர்தான் மாப்பிள்ளை. பூர்வீகத்தில் இவர்கள் திருநெல்வேலி, அவர்கள் கோயம்புத்தூர். பேசி முடிப்பதற்குள் மனைவி வசந்திக்குத் தலைமுடி பாதி நரைத்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா ராமசுவாமி நாச்சாரத்தில் பம்பு உதிரிபாகப் பட்டறை நடத்துகிறவர். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். ராமசுவாமி நேரே போய் அதே ஓட்டத்துக்குப் பேர் கொடுத்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் வசந்தி கணவனை உட்காரவைத்தாள். “இங்க பாருங்க. அவுக மாப்பிள்ளை வீட்டுக்காரவுக. முந்திக்கிந்திப் போயித் தொலைக்காதீக.”

“கூடவே ஓடினா?”

“கூடவும் வேண்டாம். ஓரடி பின்னாலயே போங்க. பொண்ணக் குடுக்கப் போறோம்லா.”

“டாடி, இட்ஸ் எ ரேஸ்! கல்யாண ஊர்வலமா?” என்றாள் பத்மப்ரியா.

“நீ சும்மா கெட. ஒனக்காகத்தான் சொல்லுதேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையோரம் நெக்லஸ் ரோட்டில் சம்பந்திகள் சந்தித்தார்கள். ராமசுவாமியின் காலில் பெட்டி வாசனை போகாத புது ஷூ.

“வாங்க சம்பந்தி, முன்னாடி வந்து நில்லுங்க.”

“ஐயோ, நீங்க நில்லுங்க.”

“அட, பரவால்லீங்க.”

இது முடிவதற்குள் துப்பாக்கி வெடித்தது. பட்டறையில் தீப்பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னதுபோல ராமசுவாமி பறந்தார். அருணாசலத்தின் திட்டப்படி முதல் ஐந்து கிலோமீட்டர் பதினாறாம் வாய்ப்பாடு. ஆனால் சம்பந்திக்கு ஓரடி பின்னால் என்றால் அந்த ஓரடி எங்கே போகிறதோ அங்கே போய்த்தானே ஆகவேண்டும்? ஏரி முடிவதற்குள் பதிமூன்றுக்கு இறங்கினார்.

பஞ்சாகுட்டா மேம்பாலத்தில் ராமசுவாமி திரும்பிப் பார்த்தார். பின்னால் அருணாசலம், உதடு அசைந்தபடி. ராமசுவாமி வேகத்தைக் கூட்டினார். அருணாசலமும் கூட்டினார். கொஞ்ச தூரம் போய் ராமசுவாமி மறுபடி திரும்பினார், மறுபடி கூட்டினார். ஏழாம் வாய்ப்பாடு போனது, ஐந்து போனது. ஜூபிலி ஹில்ஸ் ஏற்றத்தில் “ரெண்டு ரெண்டு...” என்று ஆரம்பித்த அருணாசலத்துக்கு விடை வரவில்லை. போன வருஷத்துப் பஸ்ஸின் ஜன்னல் கம்பி மட்டும் மனசில் வந்தது.

ஏற்றத்தின் பாதியில் ராமசுவாமி நடுச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஓரடி பின்னால் அருணாசலமும் நின்றார்.

“ஏனுங்க சம்பந்தி,” என்றார் ராமசுவாமி, “ஆரம்பத்துல இருந்து இப்படித் தொரத்துனா மனுசன் என்னதாங்க பண்றது?”

“நான் தொரத்துதேனா? நீங்க முன்னால போறீகளேன்னுல்லா பின்னால வந்தேன்!”

“நீங்க பின்னாடியே வர்றீங்கன்னுதானுங்க நான் ஓடுனேன். பொண்ணு வீட்டுக்காரரு பாக்கறாரு, மெதுவாப் போனா மருவாதியா இருக்குமுங்களா? அதுல வாயி வேற முணுமுணுன்னுட்டே இருந்துச்சு. ஏதோ மந்திரமாட்டம்.”

“வாய்ப்பாடுங்க.”

“என்னுங்க?”

“ரெண்டாம் வாய்ப்பாடு.”

ராமசுவாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். நல்ல குடும்பம்தானா என்று கடைசியாக ஒருமுறை யோசிப்பதுபோல இருந்தது. அந்த நேரம் ஏற்றத்தின் அடியில் பஸ்ஸின் மண்டை தெரிந்தது.

“நீங்க போங்க,” என்றார் ராமசுவாமி.

“ஒங்கள விட்டுட்டு எப்படிங்க?”

“இதப் பாருங்க. கல்யாணத்துக்குன்னு எங்க பக்கத்துல இருந்து இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கலீங்க. இப்பக் கேக்கறேன். எனக்கு முன்னாடி போயிருங்க. நீங்க பாத்துட்டே நின்னா என்னால உக்காரக்கூட முடியலீங்க!”

மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்டபின் மறுக்க முடியுமா? அருணாசலம் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். முதலில் ஓடவில்லை. ஏற்றம் முழுவதும் நடந்தார். மூச்சு அடங்கி ஐந்தாம் வாய்ப்பாடு வந்தபின்தான் மெல்ல ஓடினார், ஏழு வந்தது. பதிமூன்றுக்கு ஆசைப்படவில்லை. இழந்தது போகட்டும், இருக்கிறதை எல்லைக்கோடு வரை இழுத்தால் போதும் என்று மிச்சத் தெம்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

கச்சிபௌலி ஸ்டேடியம் தெரிந்தபோது முதுகுக்குப் பின்னால் ஹார்ன் கேட்டது. திரும்பினால் ஒரு நொடி போகும் என்று அவர் திரும்பவில்லை. ஹார்ன் பக்கத்தில் வந்தது. அதற்கு மேலே, வண்டியை நிறுத்தச் சொல்லி அரைகுறை ஹிந்தியில் ஒரு குரல் கேட்டது.

“பாய்! ருக்கோ பாய்! வாந்தி ஆத்தா ஹை!”

பிரேக் கிறீச்சிட்டது. அருணாசலம் ஓடினார். ஹார்ன் மறுபடி நெருங்கியது.

“பாய், ருக்கோ! மேரா ஷூ கிர் கயா! கீழ விழுந்துருச்சு!”

“கைக்கு அங்கிள், கைக்கு?” என்று காரணம் கேட்டு டிரைவர் அலறினான். “டைம் ஹோ கயா!”

“ஆகே ஹமாரா சம்பந்தி ஹை! பொண்ணு குடுக்குறாரு! ஓவர்டேக் நக்கோ, வேண்டாம்!”

பஸ் படிக்கட்டில் ஒரு காலும் ரோட்டில் ஒரு காலுமாக ராமசுவாமி நிற்கிறார் என்பது திரும்பாமலேயே புரிந்தது. ஒரு கால் வெளியே இருக்கும்போது எந்த டிரைவராலும் வண்டியை எடுக்க முடியாது. அருணாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கோட்டைத் தாண்டினார். மெடல் போட்ட பெண் அவர் அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பின்னாலேயே பஸ் வந்து நின்றது. ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டு இறங்கினார் ராமசுவாமி. மறு ஷூவை நிஜமாகவே ரோட்டில் எறிந்திருந்தார். இரண்டு பேரும் உப்புமா வரிசைக்கு நடந்தார்கள். தட்டு எடுக்கிற இடத்தில் அருணாசலம் வழக்கப்படி ஒதுங்கி வழிவிட்டார்.

“அட, எடுங்க சம்பந்தி,” என்றார் ராமசுவாமி. “நான் பஸ்ஸுல வந்தவன். எனக்கென்னங்க அவசரம்?”

அருணாசலம் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.