நரிமணப்பெண்ணின் மேல்மடிப்பு

ஓகிகுபோ ரயில் நிலையத்துக்குப் பின்னால், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிற, அனிமே என்கிற கார்ட்டூன் படம் தயாரிக்கிற கூடத்தில் தமாகிக்கு இருபத்திரண்டு வருட உத்தியோகம். அடுத்தவர் வரைந்த படங்களில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஆறாவது விரல், காணாமல்போன பொத்தான், நடுவழியில் கைமாறிய குடை, எதுவும் அவளிடம் தப்பாது. வயது நாற்பத்தாறு, தனியாள். மதியம் சோற்றுருண்டை, சாயங்காலம் பொதுக்குளியல், அப்புறம் நல்ல தூக்கம். அவளுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. பரிதாபப்பட வருகிறவர்களைக் கண்டால்தான் எரிச்சல்.

இந்த முறை தொடர், தோஃபு என்கிற சோயாக்கட்டி விற்கும் கடைக்காரன் ஸெய்ஜியைக் காதலித்து, பெண்ணுருவில் வருகிற நரி மமேகோவின் கதை. வெட்கம் வந்தால் அவளுக்கு வால் வெளியே வந்துவிடும். வாராவாரம் வந்தது. தமாகிக்கு அந்த நரியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடைசி வாரம் கல்யாணம். ஆளுக்கு மலையளவு வேலை கிடக்க, போன வாரப் பகுதியில் மமேகோ கண்ட கனவில் அவள் மணப்பெண்ணாக நடந்த படங்களையே இடவலமாகத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னவள் தமாகி. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒப்படைக்க மூன்று நாள் இருக்கும்போது, காலைத் தேநீரோடு அந்தக் காட்சியைப் பார்த்தவள் கோப்பையைக் கீழே வைத்தாள். படத்தோடு மணப்பெண்ணின் கிமோனோ அங்கியும் திரும்பியிருந்தது. இடப்பக்க மடிப்பு மேலே வராமல் வலப்பக்க மடிப்பு மேலே கிடந்தது. பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள். ஆசை ஆசையாய் வளர்த்த பெண்ணைச் செத்தவளாக மணமேடைக்கு அனுப்பியிருக்கிறோமே என்று தமாகிக்கு அழுகையே வந்துவிட்டது.

நேரே இயக்குநர் நுமாஜிரியிடம் போய்க் காட்டினாள். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன்.

"தப்பு என்னுதுதான், டைரக்டர். நூத்திப் பதினாலு படம் மாத்தணும்."

"மூணு நாள்ல முடியாதுக்கா. விட்ருங்க. சிரிப்புப் படத்துல எவன் கழுத்துமடிப்பைப் பாக்கப்போறான்?"

"உங்கம்மா பாப்பாங்க."

நுமாஜிரியின் அம்மா ஒவ்வொரு வாரமும் பார்த்துவிட்டுப் போன் போடுகிறவள்.

"சரி, என்ன பண்ணலாங்கிறீங்க?"

"அவ நரிதானே. எப்படி உடுத்தணும்னு அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தா? தானே கட்டிக்கிட்டு வந்துட்டா. மாப்பிள்ளை அதைப் பாக்கட்டும். ஒண்ணும் சொல்லாம, அந்தப் பக்கம் திரும்பி, தன்னோட மடிப்பையும் அதேமாதிரி மாத்திப் போட்டுக்கட்டும். அதுக்கப்புறம் காட்சியில வர்றது ரெண்டு பேர் முதுகும்தானே, மடிப்பே தெரியாது."

நுமாஜிரி தாடியைச் சொறிந்தான். "அவ, நான் சரியாக் கட்டியிருக்கேனான்னு கேட்டா?"

"என்னை மாதிரியேதான் நீயும் கட்டியிருக்கேன்னு அவன் சொல்லட்டும்."

"அக்கா, யாரு வரையறது? ஒருத்தர் கையும் காலியா இல்ல."

"நான் வரையறேன்."

சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவினாள். இத்தனை வருடத்தில் அவள் சொந்தமாக ஒரு கோடு போட்டதில்லை. ஸெய்ஜியின் விரல்கள் தன் மடிப்பைப் பிரித்து மாற்றுகிற இருபத்தாறு படங்களை இரண்டு நாளில் முடித்தாள். மூன்றாம் நாள் மணப்பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் குரல் கொடுப்பவர்களைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியையும் பதிலையும் பதிவு செய்தார்கள்.

வியாழன் மதியம் கூடத்தில் போட்டுப் பார்த்தார்கள். மணப்பெண் நடந்து வந்ததும் எல்லோரும் பதறினார்கள். ஸெய்ஜி திரும்பி நின்று மடிப்பை மாற்றியதும் சிரித்தார்கள். மமேகோ கேட்டதற்கு அவன் பதில் சொன்னபோது பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மமேகோவின் வால் வழக்கம்போல வெளியே வந்தது.

நுமாஜிரி தமாகி பக்கம் சாய்ந்தான். "ஏதாச்சும் தப்பு கண்ணுல பட்டுச்சாக்கா?"

தமாகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கவனிக்கலப்பா. நான் கல்யாணம் பாத்துக்கிட்டிருந்தேன்."