மைத்துனரின் தழும்பு எந்தப் பக்கம்?

'சுழிக்காரர்', முடிதிருத்துநர், பிறப்பு 1965. உச்சிச் சுழியைப் பார்த்தே ஆள் இன்னார் என்று சொல்லிவிடுவதால் தெருவார் இட்ட பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டாரே விழிப்பர்.

கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டுகொண்டதால், இனி நின்று வேலை செய்யலாகாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்யும் வேலையொன்று கிடைத்தாக வேண்டும். கடையின் மேல்மாடியில் கணினியில் பொம்மைப்படம் எடுக்கும் நிறுவனம் இருந்தது. அங்கே முப்பரிமாணத் தலைகளுக்குத் தோல் தீட்டும் பிரிவின் தலைவி, அவரிடம் கிராப்பு வெட்டிக்கொள்பவர். மதியங்களில் அந்தத் தலைவியே வேலையைப் பழக்கினார். திரையிலுள்ள தலையின் தோலை ஆரஞ்சுத் தோல்போல உரித்துத் தட்டையாக விரிப்பது, அதன்மேல் நிறமும் மயிர்க்கால்களும் தீட்டுவது, மீண்டும் தலையில் போர்த்துவது. இவ்வளவுதான் வேலை, ஆனால் விரல் நோகும்.

"என்ன அண்ணே, எல்லாரும் இப்பத்தான் ஷேவ் பண்ணிட்டு எழுந்த மாதிரி இருக்காங்க? ஒரு வாரம் கடைப் பக்கமே போகாத ஆள் வேணும்" என்பார் தலைவி.

"அப்படிப்பட்ட ஆளை எனக்குப் பிடிக்காதும்மா."

கடைசியில் தேர்வு வைத்தார் தலைவி. சுழிக்காரருடைய மைத்துனரின் தலையை வடித்துக் கொடுத்து, "தோல் போடுங்க. வீட்டுல உள்ளவங்க பாத்து இவர்தான்னு சொன்னா வேலை உங்களுக்கு" என்றார். கூடவே தந்த புகைப்படங்களைச் சுழிக்காரர் ஒதுக்கி வைத்தார். "எத்தனை வருஷமா நான் வெட்டுற தலை! இதுக்குப் படம் வேறயா?"

குறித்த நாளில் மனைவியும் மைத்துனரும் மாடியேறி வந்தனர். மைத்துனர் வாய் பிளந்தார். "மச்சான், அச்சு அசல் நான்தான்!"

மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "இவன் இல்லைங்க. யாரோ ஒன்னுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கு. புருவத் தழும்பு அந்தப் பக்கம்ல?"

"என் மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கா?"

"நீ எங்கடா பாத்த? கண்ணாடியிலதானே பாத்த!"

சுழிக்காரருக்குச் சுருக்கென்றது. நாற்காலிக்குப் பின்னால் நின்று அவரும் அந்த முகத்தைக் கண்ணாடியில்தான் கண்டிருந்தார். வேலை கைநழுவிப் போயிற்றென்றே நினைத்தார்.

"இவ்வளவுதானா?" என்று தலைவி ஒரு பொத்தானை அழுத்த, இடம் வலமாயிற்று. "ஆங், இதான் என் தம்பி!" என்றாள் மனைவி.

சுழிக்காரரோ தலையைப் பின்புறமாகத் திருப்பிப் பார்த்துப் பதறினார். "ஐயோ, சுழி மாறிப்போச்சே! பின்தலையை நான் நேராத்தானேம்மா பாத்தேன்!"

"அதை யார் பாக்கப் போறாங்க?" என்றார் மைத்துனர்.

"நான் பாப்பேன்டா மாப்ளே."

முகத்தை மட்டும் இடம் வலமாக மாற்றி, பின்தலையைப் பழையபடி வைத்து, காதோரத்தில் இரண்டின் நிறமும் ஒட்டுத் தெரியாமல் கூடும்வரை அந்த வாரம் முழுவதும் தீட்டினார். மறுபடி வந்த மனைவி தலையைச் சுற்றவிட்டுப் பார்த்தாள். "அவனேதான். வாயைத் திறந்தா பொய்தான் வரும்." தலைவி சிரித்துக்கொண்டே, சன்னலோரத்து நாற்காலியை அவருக்கென்று இழுத்துப் போட்டார்.

இன்றும் அதில்தான் அமர்கிறார். கத்தரிக்கோலை அவர் கடைசியாக எடுத்தது மைத்துனரின் நச்சரிப்பால். அவரைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, தாமும் எதிரே முக்காலியில் அமர்ந்து, தழும்புள்ள அந்த முகத்தை நேருக்கு நேர் ஒருமுறை பார்த்துக்கொண்டபின் வெட்டத் தொடங்கினார். நாள்: 2023 நவம்பர் 18.