கையெழுத்து வைக்காத மாதம்

கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த சவர்க்காரத் தொழிற்சாலையில், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இருபத்திரண்டு கடிதங்கள் டைப் பண்ணுவேன். எல்லாம் ஒரே கடிதம்தான். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் மட்டும் மாறும். இவர் எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், அதற்காகவே கொழும்பில் தங்கியிருக்கிறார் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி. கீழே, இன்ன திகதி வரை செல்லுபடியாகும் என்று ஒரு வரி. நிர்வாக மனேஜர் கையெழுத்து வைத்து முத்திரை குத்துவார்.

வடக்கில் புலிகளோடு சண்டை நடந்த காலம் அது. தமிழருக்குப் பொலிஸ் பதிவு இருந்தாலும், ஆமியும் பொலிஸும் சுற்றிவளைப்பில் மறித்தால் முதல் கேள்வி, "இங்க என்ன செய்யிறாய்?" என்பதுதான். அதற்குப் பதில் அந்தக் கடிதம். பக்கிங் பகுதித் தமிழ்ப் பெண்கள் அதைப் பொலித்தீன் பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருப்பார்கள். வெள்ளவத்தையில் அக்கா குடும்பத்தோடு இருந்த எனக்கும் ஒன்று இருந்தது. இருபத்திரண்டில் ஒன்று என்னுடையது.

அந்த வருடம் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு அலுவலர் ஸ்டொப் வோச்சோடு வந்தார். மூன்று நாள் பெண்களின் முதுகுக்குப் பின்னால் நின்றார். சோப்புக் கட்டியை எடுக்க எவ்வளவு நேரம், தாளை மடிக்க எவ்வளவு நேரம், முகத்து வேர்வையைத் துடைக்க எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அடுத்த கிழமை அறிவித்தல் வந்தது. ஒரு ஆளுக்கு நாளுக்கு எண்பது பெட்டி என்பது இனிமேல் நூறு. சம்பளம் பழைய சம்பளம். அந்த அறிவித்தலையும் நான்தான் டைப் பண்ணினேன்.

யூனியன் கூடியது. செயலாளர் பொயிலர் பகுதியில் இயந்திரம் திருத்தும் பிட்டர். சிங்களவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். தமிழரும் சிங்களவரும் அவரை அய்யே, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைநிறுத்தம் வேண்டாம், எண்பதோடு கையை நிறுத்துவோம் என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள்.

மறுநாள் மூன்று மணிபோல் ஒவ்வொருத்தியாக எண்பதாவது பெட்டியை ஒட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெல்ட் கட்டிகளைக் கொண்டுவந்து கடைசியில் இருந்த கூடையில் கொட்டிக்கொண்டே இருந்தது. சுப்பர்வைசர் மேசை மேசையாக நடந்தார். ஐந்து மணி வரை ஒருத்தியும் அடுத்த பெட்டியைத் தொடவில்லை. நான் டைப் பண்ணும் கந்தோர் அறைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான். கொள்ளுப்பிட்டியில் சொந்த வீடு. சத்தம் போட்டுப் பேசுகிற மனிதரில்லை.

"பிள்ளை, இந்த மாசம் கடிதம் டைப் பண்ண வேண்டாம்."

"ஏன் சேர்?"

"நூறு போடுற ஆக்களுக்கு மட்டும் டைப் பண்ணும். பேரை சுப்பர்வைசர் வாயால சொல்லுவார். எழுத்தில ஒண்டும் வேண்டாம்."

"சேர், பழைய கடிதம் எல்லாம் முப்பதாம் திகதியோட முடியுது."

"தெரியும்." பேனாவைத் திறந்தார். "உம்மட கடிதத்தைக் கொண்டாரும், இப்பவே சைன் வைக்கிறன்."

டைப் பண்ணிக் கொண்டுபோனேன். வைத்தார். நன்றி சேர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசும்.

சுப்பர்வைசர் தமிழ்ப் பெண்களிடம் தனித்தனியாகக் குனிந்து விஷயத்தைச் சொன்னார். வெளியில் கதைத்தால் அடுத்த மாதமும் கடிதம் இல்லை என்றும் சொன்னார். இரண்டு நாளில் தமிழ்ப் பெண்களின் கைகள் ஓடத் தொடங்கின. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டிருந்த சிங்களப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர்ப் பைப்படியில் ஒருத்தி, "எவ்வளவுக்கு வித்தீங்க?" என்று சிங்களத்தில் கேட்டாள். தமிழ்ப் பெண்கள் போத்தலை நிரப்பிக்கொண்டு விலகினார்கள்.

ஒருத்தி மட்டும் எண்பதிலேயே நின்றாள். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள். கொழும்பு முகத்துவாரத்தில், பக்கிங் பகுதியில் வேலை செய்த இன்னொரு தமிழ்ப் பெண்ணோடு ஒரு அறையில் இருந்தாள். சாப்பாட்டு நேரம் கந்தோர் யன்னலடிக்கு வந்தாள்.

"மிஸ், நூறு போட்டாத்தான் கடுதாசின்னு சொல்றாங்களே, மெய்தானுங்களா? நீங்கதானே அடிக்கிறீங்க."

மனேஜரின் கதவு திறந்திருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

"அப்ப அவரு சும்மா மெரட்டுறாரு போல. எல்லாரும் ஒண்ணா கை தூக்குனோம், நான் மட்டும் எப்படிங்க மாறுறது?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பதாம் திகதி கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, முகத்துவாரத்தில் அவள் இருந்த ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அறையில் இருந்த இருவரையும் தெருவில் நிற்பாட்டினார்கள். கூட இருந்தவளிடம் புதுக் கடிதம் இருந்தது, விட்டுவிட்டார்கள். இவளிடம் இருந்தது திகதி முடிந்த கடிதம். ட்ரக்கில் ஏற்றினார்கள். திங்கட்கிழமை காலை கூட இருந்தவள் கந்தோருக்கு வந்து இதைச் சொன்னாள்.

நான் மனேஜரிடம் போகவில்லை. நேரே பொயிலர் பகுதிக்குப் போனேன். அய்யே ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடிதத்தைப் பற்றியும் மனேஜர் சொன்னதைப் பற்றியும் முழுவதையும் சிங்களத்தில் சொன்னேன். இப்படி ஒரு கடிதம் இருப்பதே அவருக்குத் தெரியாது. பதினெட்டு வருடம் அங்கே வேலை செய்தவர். அவருக்கு ஒருநாளும் அது தேவைப்படவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும், நங்கி?" என்று தங்கை முறை சொல்லிக் கேட்டார்.

"பத்து நாள்."

ஸ்பனரைக் கீழே போட்டார். "பத்து நாள் இந்தப் பிள்ளைகளைத் துரோகி எண்டு ஏச விட்டிருக்கிறாய். என்னையும் ஏச வச்சிருக்கிறாய்." பிறகு, "பகல் சாப்பாட்டு நேரம் எல்லாரையும் சைக்கிள் ஷெட்டுக்குக் கூப்பிடுறன். நீதான் சொல்ல வேணும். நான் சொன்னா நம்ப மாட்டினம்," என்றார்.

சொன்னேன். நூறு பேருக்கு மேல் நின்றார்கள். என் சிங்களம் இடையில் தடுக்கியது. எனக்கு முதலாவதாகக் கையெழுத்துக் கிடைத்ததையும் மறைக்கவில்லை.

முன்வரிசையில் நின்ற ஒரு அம்மா பேசினார். அவருடைய மகன் வடக்கில் ஆமியில் இருந்தான். "என்ர பிள்ளை அங்க பதுங்குகுழியில கிடக்கிறான். செக் பண்ணத்தான் வேணும். இவையளின்ர கடிதத்துக்காக நான் என்ர சோத்தில மண் போடோணுமா?"

பலர் தலையாட்டினார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அய்யே அவரோடு வாதாடவில்லை. "அக்கே, உங்கட பெட்டி எண்பதா நூறா?" என்று மட்டும் கேட்டார்.

"எண்பது."

"கடிதத்தை வச்சு அவங்களை நூறு போட வச்சிட்டாங்க. அடுத்த மாசம் அவங்க நூறு போடுறாங்க, உங்களால ஏலாதா எண்டு உங்களைக் கேப்பாங்க. அப்ப என்ன சொல்லுவீங்க?"

அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார். இன்னும் சிலர் அவருக்குப் பின்னால் போனார்கள். மிச்சப் பேர் கை தூக்கினார்கள். முதல் கோரிக்கை கடிதம், இரண்டாவது கோரிக்கை பெட்டிக் கணக்கு என்று முடிவானது. அன்று இரண்டு மணிக்கு பெல்ட் நின்றது.

மனேஜர் வெளியே வந்து, இது யுத்த காலம், பொலிஸுக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்தால் போதும் என்றார். அய்யே, எடுங்கள், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்றார். அடுத்த நாள் அவருடைய லொக்கரில் யாரோ சோக்கால் 'கொட்டியா' என்று எழுதியிருந்தார்கள். புலி என்று அர்த்தம். அந்த நாட்களில் ஒரு ஆளைக் காணாமல் போகச் செய்ய அந்தச் சொல் போதும். அவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மேலங்கியை மாட்டினார்.

என்னைக் கந்தோருக்குள் விடவில்லை. இரண்டு நாளும் பெண்களோடு சைக்கிள் ஷெட்டில் இருந்தேன். கேற்றடியில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லாரும் பேச்சை நிறுத்துவோம். ஒவ்வொரு ஜீப்பும் துறைமுகப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை ஒரு கப்பலுக்குச் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. தலைமைக் கந்தோரிலிருந்து கோல் வந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டு எல்லாக் கடிதத்தையும் டைப் பண்ணச் சொன்னார்கள். மனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கையெழுத்து வைத்தார். பெட்டிக் கணக்கு, யூனியனோடு பேரம் பேசி, எண்பத்தெட்டில் நின்றது. அது வெற்றியா தோல்வியா என்று பெண்கள் கனநாள் சண்டை பிடித்தார்கள்.

யூனியன் கேட்டபடி, பிடிபட்டவளை எடுக்க மனேஜரே தன் காரில் பொலிஸுக்குப் போக வேண்டியிருந்தது. பக்கத்தில் அய்யே இருந்தார். முதல் நாள் விடவில்லை, இரண்டாம் நாளும் விடவில்லை. பிடித்த ஒன்பதாம் நாள் வெளியே வந்தாள். உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு கிழமை வேலைக்கு வந்தாள். தாளை மடிக்கும்போது விரல்கள் நிற்கும். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் பெட்டிகளை அவள் பக்கம் தள்ளி எண்பத்தெட்டாக்கினார்கள். மகன் ஆமியில் இருந்த அம்மாவும் இரண்டு தள்ளினார் என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவள் கந்தோருக்கு வந்து, வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள்.

"என்னில கோபமா?" என்று கேட்டேன்.

"கோவப்பட்டு என்னங்க பண்றது, மிஸ். ஆனா நீங்க அன்னிக்குச் சொல்லியிருந்தா, நான் நூறு போட்டிருப்பேன்."

கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். டைப்ரைட்டருக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். நான்கு வருடம் அங்கே சவர்க்காரம் சுற்றும் தாள் கட்டுகளை எண்ணினேன். மாதக் கடைசியில் என் கடிதமும் மற்றவர்களுடையதோடு வரும், நானும் வரிசையில் நின்று வாங்குவேன்.