நாயகிக்கு விழ வேண்டிய அறை

கதாநாயகிகள் மாடியிலிருந்து விழும்போதெல்லாம் தரையில் போய்ச் சேர்ந்தது அவள்தான். படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கு ‘டூப்பு அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டாருக்கே மறந்து போயிருந்தது. கண்ணாடிக் கதவுகளை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். ஓடும் வேனிலிருந்து தள்ளப்பட்டிருக்கிறாள். எத்தனையோ வில்லன்கள் அவளைத் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்திருக்கிறார்கள். ஆனால் வில்லன்கள் யாரும் அவளைக் காயப்படுத்தியதில்லை. தொழில் தெரிந்தவர்கள், அடித்து முடித்ததும் “எங்கயாச்சும் பட்டுதாக்கா?” என்று கேட்பார்கள். அவளுடைய இடது காதைச் செவிடாக்கியவர் ஒரு கதாநாயகன். அதுவும் காதல் காட்சியில்.

அவளைத் தொழிலுக்குக் கொண்டுவந்தது சண்டை மாஸ்டரான அண்ணன். சிறு வயதில் அவர் குத்துப் பழகியது அவள் மேல்தான். “என் தங்கச்சிக்கு எலும்பே கிடையாது, எல்லாம் ரப்பர்” என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். பாசக்காரர்.

இப்போதைய படம், ஒரு பெண் எப்படிப் பக்குவப்படுகிறாள் என்பதைப் பற்றியதாம். இயக்குநர் அப்படித்தான் சொன்னார். வாய்த்துடுக்குள்ள கல்லூரிப் பெண் நடுத்தெருவில் நாயகனை எதிர்த்துப் பேசுகிறாள். அவன் ஓர் அறை விடுகிறான். அந்த ஒரே அறையில் அவளுக்குப் புத்தி, வெட்கம், காதல் மூன்றும் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஐம்பதைத் தாண்டிய நாயகன், நிஜமாகவே அடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். “பொய்யா அடிச்சா ஜனங்க கண்டுபிடிச்சிருவாங்க.” முகம் திரை முழுக்கத் தெரியும் ஷாட் என்பதால் டூப் போட வழியில்லை. நாயகியோ பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வந்த புதுமுகம்.

அண்ணன் தங்கையை ஓரமாக அழைத்தார்.

“அந்தப் பாப்பாகிட்ட பக்குவமாச் சொல்லு. ஒரே அடிதான். முதல் டேக்ல ஓகே ஆயிட்டா முடிஞ்சுது.”

“ஆகலைன்னா?”

“ஆகுற வரைக்கும்.”

“என் காது போனது முதல் டேக்லதாண்ணே.”

“அதையெல்லாம் அவகிட்ட உளறி வைக்காத. நாளைக்கும் நமக்கு வேலை வேணும்.”

ஒப்பனை அறையில் அந்தப் பெண்ணின் உதடு நடுங்கிய நடுக்கத்தில் சாயம் கோணலாக ஏறியிருந்தது. அக்கா ஒப்பனைக்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“ரொம்ப வலிக்குமாக்கா?”

“வலி போயிரும். காது போனா வராது. அடி வரும்போது என்ன பண்ணுவ?”

“பின்னாடி சாஞ்சுக்குவேன்.”

“எல்லாரும் அதைத்தான் பண்றாங்க. அவரும் அதுக்கு அளவு வெச்சுத்தான் வீசுவார். உள்ளங்கை முழுசா காதுல வந்து இறங்கும். நீ முன்னால போ. அவர் நெஞ்சுல ஒட்டுற மாதிரி ஒரு எட்டு. கை உன் தலைக்குப் பின்னால சுத்திட்டுப் போயிரும். தலையை மட்டும் பக்கவாட்டுல சாய்ச்சுக்கோ.”

நாற்காலியை நகர்த்திவிட்டு, அக்கா நிஜமாகவே கையை வீசினாள். முதல் வீச்சில் அந்தப் பெண் கண்ணை மூடினாள். போகப்போக மூடவில்லை.

தெரு செட்டில் கேமரா ஓடியது. வசனம் முடிந்தது. நாயகனின் கை ஓங்கி இறங்கியது. அந்தப் பெண் ஒரு எட்டு முன்னால் போனாள். அவளுடைய நெற்றி அவர் மூக்கில் மோத, சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். ரத்தம் அவள் கன்னத்தில் தெறித்தது. அவர் முழங்காலில் சரிந்தார். தலையைச் சாய்க்க மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பதை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அண்ணன் தங்கையின் பின்கழுத்தைப் பிடித்துச் சுவரில் வைத்து அழுத்தினார்.

“என்னடி சொல்லிக் குடுத்த?”

“தொழிலைத்தாண்ணே.”

மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு நாயகன் திரும்பி வந்தார். ஓர் அடிக்குப் படப்பிடிப்பை ரத்து செய்தால் ஊர் சிரிக்கும். ஆனால் இம்முறை நின்றது எட்டாத தூரத்தில். “கை படாம டைமிங்ல அடிக்கிறேன். சத்தத்தை அப்புறம் சேர்த்துக்குங்க” என்றார் மூக்கடைத்த குரலில்.

கேமராமேன் தலையை ஆட்டினார். “இவ்வளவு தள்ளி நின்னா ரெண்டு பேரும் ஃபிரேம்ல வரலை சார்.”

கன்னத்தில் அவருடைய ரத்தம் காயாமல் இருக்க, அந்தப் பெண் பணிவாகக் கேட்டாள். “நான் வேணா கிட்ட வரட்டுமா சார்?”

நாயகன் ஒரு எட்டுப் பின்வாங்கினார்.