மரப்பிடிக்குள் இருந்த எண்

பென்சில்வேனியாவில் எங்கள் ஊரான ஸ்லேட்ஃபோர்டின் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துப்பாக்கிச் சந்தை கூடும். என் சித்தி அங்கே உப்புக்கண்டம் விற்கிறார். ஜூனில் பள்ளியை முடித்ததிலிருந்து நானும் அந்த மேசையில்தான் இருக்கிறேன். பக்கத்து மேசை லோர்ன் பெட்ராசெக்குடையது.

லோர்ன் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். சந்தையில் எதையும் விற்க மாட்டார். போலீஸ்காரர்கள் ஒரு காலத்தில் இடுப்பில் தொங்கவிட்ட ரிவால்வர்களைப் பார்த்து, எது எந்த ஊருடையது, எந்த ஆண்டுடையது, என்ன விலை பெறும் என்று சொல்வார். அதற்குக் காசு வாங்குவதில்லை. ஆட்கள் பழைய காலுறைக்குள் போட்டுத்தான் கொண்டு வருவார்கள்.

"பாலிஷ் போட்டீங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ஆமா, புதுசு மாதிரி இருக்குல்ல?"

"இருக்கு. ஐநூறு டாலரைத் தேய்ச்சுத் தரையில கொட்டியிருக்கீங்க. முதுகுல போலீஸ் எண் இருந்திருக்கும். அதுக்குத்தான்யா விலையே."

அவர் இதில் இறங்கியதற்குக் காரணம் ஊரறிந்தது. அவருடைய அப்பா எமில் இங்கே போலீஸ்காரர். 1971இல் போலீஸ் நிலையத்தில் பூட்டி வைத்திருந்த அவருடைய ரிவால்வர், போலீஸ் எண் பதினான்கு, காணாமல் போனது. திருட்டுப் போய்விட்டது என்று எமில் சொன்னார். குடிக்கக் காசில்லாமல் விற்றுவிட்டார் என்று ஊர் சொன்னது. வேலை போனது. சாகும்வரை ஆலைக் கேட்டில் காவலாளியாக இருந்தார். வேலை போனபோது லோர்னுக்குப் பத்து வயது. ஒருநாள் அந்த ரிவால்வர் ஏதாவது ஒரு காலுறையிலிருந்து வெளியே வரும், அப்பா சொன்னது உண்மை என்று தெரியும் என்றுதான் முப்பது வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார்.

போன சனிக்கிழமை ஆர்லீன் ஹால்டிமன் வந்தார். எண்பத்தாறு வயது. அவருடைய கணவர் ராய், எமிலோடு ஒரே ரோந்து வண்டியில் போனவர். பிறகு சார்ஜென்ட் ஆனவர். எமிலின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். ராய் இறந்து மூன்று மாதம் ஆகிறது.

"இந்தா லோர்ன், உன் ராய் மாமாவோடது. ரிட்டயர் ஆனப்போ நிக்கல் பூசி வச்சாரு. கார் ஷெட்ல பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி இருந்துச்சு. பேரனுக்குக் குடுக்கலாம்னு பார்க்கறேன். என்ன பெறும்?"

"பூசி வச்சாரா? ஐயோ, அவருமா!" என்று லோர்ன் சிரித்தார். "ஆர்லீன் ஆன்ட்டி, போலீஸ்காரங்க கண்ணாடி பார்க்கறதுக்குன்னே துப்பாக்கி வச்சிருக்காங்கபோல."

"அவரு ஷூவையே மூணு தடவ துடைக்கிற ஆளு. உனக்குத் தெரியாததா?"

லோர்ன் ரிவால்வரைத் திருப்பினார். பிடியின் அடியில் தொழிற்சாலை எண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. குழலின் அடியிலும் இல்லை. உருளையிலும் இல்லை. அவருடைய சிரிப்பு நின்றது.

"ஆன்ட்டி, இது பாலிஷ்ல போகல. அரத்தால ராவியிருக்கு. எண்ணை அழிச்ச துப்பாக்கிய விக்கவும் கூடாது, வீட்டுல வைக்கவும் கூடாது. குத்தம்."

"என்னடா சொல்ற? அவரு போலீஸ்காரரு!"

"அதான் எனக்கும் புரியல. இருங்க, மரத்தைப் பார்ப்போம்."

அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் வலப்பக்க மரப்பிடியின் உட்புறத்திலும் அதே எண்ணைக் குத்தியிருப்பார்கள். திருகாணியைக் கழற்றினால்தான் தெரியும். இரும்பில் இருந்ததையெல்லாம் அழித்தவர் மரத்தை மறந்துவிட்டார்.

போலீஸ் நிலையத்தின் பழைய ஆயுதப் பட்டியல் முழுவதும் லோர்னுக்கு மனப்பாடம். ராய் வைத்திருந்த ஒன்பதாம் எண் ரிவால்வரின் தொழிற்சாலை எண்ணைத்தான் அவர் எதிர்பார்த்தார். மரப்பிடியைக் கழற்றி விளக்கடியில் பிடித்து வாசித்தார். "சி... இரண்டு, ஒன்று, நான்கு, பூஜ்ஜியம், ஆறு, மூன்று."

பிறகு மறுபடியும் வாசித்தார். மரத்துண்டு கையிலிருந்து நழுவி எங்கள் மேசைக்கு அடியில் வந்து விழுந்தது. நான் எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"லோர்ன், ஏன்டா வெளுத்துப் போயிட்ட? நெஞ்சு வலிக்குதா?"

"இது ராய் மாமாவோடது இல்ல ஆன்ட்டி. இது பதினாலு. எங்கப்பாவோடது."

உப்புக்கண்டம் நறுக்கிக்கொண்டிருந்த சித்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஆர்லீன் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார்.

"அந்த வருஷம் சார்ஜென்ட் பதவி உயர்வுப் பட்டியல்ல ரெண்டு பேருதான்," என்றார் மெல்ல. "உங்கப்பாவும் இவரும். துப்பாக்கி காணாமப் போன வாரம் உங்கம்மாவுக்கு நான் கேக் செஞ்சு குடுத்தேன். இவருதான் கொண்டுபோய்க் குடுத்தாரு."

"தெரியும். ஆப்பிள் கேக். நானும் சாப்பிட்டேன்."

வாசலில் வருகிறவர்களின் துப்பாக்கிகளைச் சோதிக்கும் போலீஸ்காரர் டென்னி சைப்பை லோர்ன்தான் கூப்பிட்டார். டென்னி விவரம் கேட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இதை நான் எடுத்துட்டுப் போகணும் லோர்ன். விசாரணை முடிஞ்சதும் உருக்கிடுவாங்க. முப்பது வருஷமாத் தேடினதாச்சே. கொஞ்ச நேரம் கையில வச்சிருக்கியா?"

"வேண்டாம். நீ அறிக்கைய எழுது."

டென்னி எங்கள் மேசையிலேயே எழுதினார். லோர்ன் தோளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"'1971இல் காணாமல் போனது'ன்னு எழுதியிருக்க."

"பழைய கோப்புல அப்படித்தானப்பா இருக்கும்?"

"அடிச்சிட்டு 'திருடப்பட்டது'ன்னு எழுது."

"யாரு திருடினதுன்னு நான் எப்படி..."

"எழுதுடா," என்றார் ஆர்லீன். "எங்க வீட்டு ஷெட்ல, எம்புருஷன் ஒளிச்ச எடத்துல இருந்துச்சுன்னு சேர்த்து எழுது. எங்க கையெழுத்துப் போடணும்?"

டென்னி அடித்துத் திருத்தினார். ஆர்லீன் கைப்பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. லோர்ன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு, திருத்திய வரியைச் சத்தமாக ஒருமுறை படித்துவிட்டு, ஹால்டிமன் என்ற பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.