சுறாப்புட்டு வைத்த மதியம்

என் மகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள். போன இடத்தில் அலைச்சறுக்கு பழகிக்கொண்டாள். தாராவியில் ஒரு பக்கெட் தண்ணீரில் குளித்து வளர்ந்தவளுக்கு அவ்வளவு பெரிய கடல் கேட்கிறது. வேலை முடிந்து அவள் பலகையோடு இறங்கும்போது இங்கே மதியம் இரண்டரை. நான்கு மணிக்குள் "கரை ஏறிட்டேன்" என்று செய்தி போடுவாள். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

சுறா எங்கே யாரைக் கடிக்கிறது என்று மகனின் போனில் படித்துப் படித்தே கண் போயிற்று. எல்லாக் கடலிலும் ஒரே கதை இல்லை. வெப்பமான ஊர்களில் ஆறு கலக்கும் கலங்கல் தண்ணீரில் குளிப்பவர்கள் மாட்டுகிறார்கள். மீனைக் குத்தி இடுப்பில் கோத்துக்கொண்டு நீந்தும் முக்குளிப்பவர்களை ரத்த வாடைக்குத் தேடி வருகிறது. சீல்கள் திரியும் குளிர்ந்த தென்கடலில் பலகைக்காரர்களுக்குத்தான் ஆபத்து. நம் கொங்கண் கரையில் கடிப்பது அபூர்வம்; இங்கே நாம்தான் அதைத் தின்கிறோம். இதையெல்லாம் சொன்னால், "டென்ஷன் நக்கோ, யம்மா, பயப்படாத" என்பாள்.

அவள் கேட்கப்போவதில்லை என்று தெரிந்ததும் ஊர் இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அவள் கடலில் இறங்கும் காலம்வரை சுறா எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாது.

அப்போதுதான் மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது. அவளுக்குத் தாய் இல்லாததால் பேறுகாலம் எங்கள் வீட்டில். பால் போதவில்லை. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றே: சுறாப்புட்டு கொடு, பால் ஊறும். மூன்று நாள் பூண்டு, முருங்கைக்கீரை என்று ஒப்பேற்றினேன். நாலாம் நாள் மருமகள், வேண்டாம் அத்தை, டப்பாப் பாலே போதும் என்று கண்ணைத் துடைத்தாள். என்னால் தாங்க முடியவில்லை. மார்க்கெட்டுக்குப் போய் பால்சுறா வாங்கி வந்தேன்.

மஞ்சள் போட்டு அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் போட்டு வதக்கினேன். மருமகள் தட்டை வழித்துச் சாப்பிட்டபோது மணி இரண்டரை.

நான்கு அடித்தது. செய்தி இல்லை. நாலரைக்கு மகன் போனைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டான். பிடுங்கிப் பார்த்தேன். மகள் இறங்கும் அதே கடற்கரையில் அலைச்சறுக்கு விளையாடிய ஒரு பெண்ணைச் சுறா கடித்திருக்கிறது. பெயர் போடவில்லை. மகன் மறுபடி மறுபடி அழைத்தான், எடுக்கவில்லை. வாணலி இன்னும் அடுப்பில்தான் இருந்தது. அம்மனுக்கு நேர்ந்ததை என் கையாலேயே மீறிவிட்டேனே. மருமகளை ஏறிட்டுப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்?

ஐந்தேகாலுக்கு மகளே அழைத்தாள்.

"யம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. கூட இருந்த பிள்ளையைத்தான் சுறா கடிச்சிட்டு. ஆஸ்பத்திரில இருக்கோம்."

"நீ இல்லல்லா? அது போதும் தாயி."

அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்றாள். எல்லோரும் கரைக்கு நீந்தியபோது தான் மட்டும் திரும்பிப் போய், அவளைப் பலகையில் ஏற்றி இழுத்து வந்ததாகவும் சொன்னாள்.

"கோட்டிக்காரி, சுறா கெடக்கற எடத்துக்கா திரும்பிப் போவ?"

"அவ அம்மா அம்மான்னு கூப்புட்டாம்மா. நீ போயிருக்க மாட்டியா?"

என் மகளுக்கென்றால் யோசிக்காமல் குதித்திருப்பேன். கூப்பிட்டது அடுத்தவள் பிள்ளையாக இருந்தால்? பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மாட்டேன் தாயி," என்றேன்.